தையல் போட்டாச்சு சரி, நரம்பு பார்த்தாங்களா?

"நரம்பு"ன்னு ஒரே ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு நாம படுற பாடு பத்தி ஒரு நீளமான இழை. வீட்டுல பைக் ஓட்டுற பையன், சுகர் இருக்கிறவங்க, ராத்திரி கை மரத்துப் போகுதுன்னு புலம்புற அம்மா, யாராவது இருந்தா கடைசி வரைக்கும் படிங்க.

குளுக்கோஸ் ஏத்த ஊசி குத்தும்போது "நரம்பு கிடைக்கலை"ங்கிறோம். அது நரம்பு இல்லை, ரத்தக்குழாய். புறங்கையில பச்சையா புடைச்சுத் தெரியுறதையும் நரம்புங்கிறோம். அதுவும் ரத்தக்குழாய்தான். மணிக்கட்டை மடக்கினா நடுவுல கயிறு மாதிரி எழும்புதே, அதையும் நரம்புங்கிறோம். அது தசைநாண், தசையை எலும்போட இணைக்கிற கயிறு. லாட்ஜ்ல ரூம் போட்டு "நரம்புத் தளர்ச்சி"க்கு லேகியம் விக்கிறவர் சொல்ற நரம்பு எதுன்னு அவருக்கே வெளிச்சம்.

நிஜமான நரம்பு வேற. மூளையோட உத்தரவைக் கைக்கும், கையோட உணர்ச்சியை மூளைக்கும் கொண்டு போற வெள்ளை இழை அது. வெளியே இருந்து பார்த்தா தெரியாது. அறுந்தா பெருசா ரத்தம் கொட்டாது. அறுந்த பிறகு அந்த இடம் பல நேரம் வலிக்கவும் செய்யாது. அதனாலதான் கேஷுவாலிட்டியில நாங்க "நரம்பு கட் ஆயிருக்கு"ன்னு சொன்னா, கூட வந்தவர் நிம்மதியா "ரத்தம் நின்னுடுச்சே சார், அப்புறம் என்ன?"ங்கிறார். அவர் பேசுறது ரத்தக்குழாயைப் பத்தி. நாங்க பேசுறது வேற ஒண்ணைப் பத்தி. ஒரே வார்த்தை.

நான் மதுரையில அரசு ஆஸ்பத்திரி டாக்டர். எம்பிபிஎஸ். வீடு தல்லாகுளம். நரம்பு அறுவை நிபுணர் கிடையாது. ஆனா கையில வெட்டுப்பட்டு ராத்திரி பதினோரு மணிக்கு வர்றவரை முதல்ல பார்க்கிறது நிபுணர் இல்லையே, என்னை மாதிரி டூட்டி டாக்டர்தான். அந்த முதல் பத்து நிமிஷத்தைப் பத்திதான் இந்தப் பதிவு.

சமீபத்துல ஒரு டீ மாஸ்டர் வந்தார். ஆட்காட்டி விரல் நுனியில கொப்புளம். பாய்லர்ல பட்டிருக்கு. பட்டது அவருக்கே தெரியலை, கடை முதலாளிதான் பார்த்துச் சொல்லியிருக்கார். மணிக்கட்டுல ஒரு தழும்பு. நாலு மாசத்துக்கு முன்னாடி கண்ணாடி உடைஞ்சு குத்தினது, பக்கத்துல ஒரு கிளினிக்ல ஏழு தையல். தையல்ல குத்தம் சொல்ல முடியாது, கோடு மாதிரி அழகா ஆறியிருக்கு. நான் விரலைக் கிள்ளிப் பார்த்தேன், அவருக்குத் தெரியலை. கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையில சதைமேடு இருக்குமே, அது வத்தித் தட்டையாப் போயிருந்தது. அவர் சொன்னது இன்னும் காதுல இருக்கு: "இப்பல்லாம் சூடே உறைக்கிறதில்ல சார். ஒருவகையில தொழிலுக்கு அது வசதிதான்."

கண்ணாடி தோலோட நிக்கலை. உள்ளே மீடியன் நரம்பையும் அறுத்திருக்கு. தோலை மட்டும் தைச்சு அனுப்பிட்டாங்க.

அன்னைக்கோ அந்த வாரத்துக்குள்ளேயோ தெரிஞ்சிருந்தா ரெண்டு முனையையும் நேரா சேர்த்துத் தைச்சிருக்கலாம். நாலு மாசத்துல முனைகள் சுருங்கி விலகிடும். நடுவுல இருக்கிற இடைவெளியை நிரப்ப கால்ல இருந்து ஒரு நரம்புத் துண்டை எடுத்து வைக்க வேண்டி வரலாம். வழி இல்லாமப் போகலை, பிளாஸ்டிக் சர்ஜரிக்கு அனுப்பி வச்சேன். (பிளாஸ்டிக் சர்ஜரின்னா சினிமா நடிகைக்கு மூக்கு சரி பண்றதுன்னு நினைக்கிறவங்களுக்கு: அறுந்த நரம்பையும் தசைநாணையும் தைக்கிறது அந்தத் துறைதான். நம்ம மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே இருக்கு.)

இப்ப கைக்குள்ள கொஞ்சம் போய்ப் பார்ப்போம். வலது கையால இடது முன்கையை, அதாவது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல, இறுக்கிப் பிடிங்க. இப்ப இடது கை விரல்களை மட்டும் மடக்கி நீட்டுங்க. பிடிச்ச இடத்துல சதை புரளுதா? விரலை மடக்குற பெரிய தசைகள் இருக்கிற இடம் அதுதான். விரலுக்குள்ள ஒரு தசைகூடக் கிடையாது. முன்கையில இருக்கிற தசை இழுக்குது, தசைநாண்ங்கிற கயிறு மணிக்கட்டு வழியா வந்து விரலை ஆட்டுது. பொம்மலாட்டம்தான். உள்ளங்கைக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன தசைகள் வேற ரகம். அதுங்களுக்கு பலம் கம்மி, நுணுக்கம் ஜாஸ்தி. ஊசியில நூல் கோக்கிறது, சட்டைப் பட்டன் போடுறது, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுறது எல்லாம் அதுங்க வேலை. மணிக்கட்டு முதல் விரல் நுனி வரைக்கும் எலும்பு மட்டும் 27.

இத்தனையையும் ஆட்டி வைக்கிற நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்துல இருந்து அஞ்சு வேரா கிளம்புது. கழுத்துக்கும் அக்குளுக்கும் நடுவுல அஞ்சும் ஒண்ணோட ஒண்ணு கலந்து, பிரிஞ்சு, திரும்பக் கலந்து வெளியே வருது. கோரிப்பாளையம் சிக்னல்ல அஞ்சு பக்கத்து வண்டியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சு எப்படியோ அவங்கவங்க ரோட்டைப் பிடிச்சுப் போற மாதிரி. கல்லூரியில இந்தப் படத்தை வரையச் சொல்லாத அனாடமி பரீட்சையே கிடையாது. உங்களுக்கு அது வேண்டாம். மணிக்கட்டைத் தாண்டி விரலுக்குப் போற மூணு பேரைத் தெரிஞ்சா போதும்.

ரேடியல். மேற்கை எலும்பைப் பின்பக்கமா சுத்திக்கிட்டு வருது. மணிக்கட்டையும் விரலையும் மேல நிமிர்த்துறது இதோட வேலை. இது படுத்தா மணிக்கட்டு தொங்கிப்போகும்.

மீடியன். மணிக்கட்டு நடுவுல ஒரு குறுகலான சுரங்கப்பாதை வழியா வருது. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல்ல பாதி, இதுங்களோட உணர்ச்சி இதுகிட்டதான். கட்டைவிரலை மத்த விரல்களுக்கு எதிர்ல கொண்டுவந்து நிறுத்துறதும் இதுதான். மாட்டுத்தாவணியில பூ கட்டுற அக்காக்களோட கையைப் பாருங்க, மீடியன் நரம்பு என்ன செய்யுதுன்னு புரியும்.

அல்னார். முழங்கை உள்பக்க மேட்டுக்குப் பின்னாடி, தோலுக்கு நேர் கீழே ஓடுது. கதவுல முழங்கை இடிச்சா ஷாக் அடிக்குதே, இடிபட்டது எலும்பு இல்லை, இந்த நரம்பு. சுண்டுவிரலும் மோதிர விரல்ல மீதிப் பாதியும் இதோட பங்கு. உள்ளங்கைக்குள்ள இருக்கிற சின்னத் தசைகள்ல பெரும்பாலானது இதை நம்பித்தான் இருக்கு. இது போனா சுண்டுவிரலும் மோதிர விரலும் பறவை நகம் மாதிரி வளைஞ்சு நிக்கும்.

சோதிக்கிறதுக்குப் பெரிய மிஷின் வேண்டாம். பிள்ளைங்க விளையாடுற ஸ்டோன், பேப்பர், சிசர் போதும். மணிக்கட்டை நிமிர்த்தி எல்லா விரலையும் நீட்டி 'பேப்பர்' காட்டினா ரேடியல் வேலை செய்யுது. இறுக்கி மூடி 'ஸ்டோன்' காட்டினா, கூடவே கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நுனி தொட்டு ஒரு வட்டம் போட்டா, மீடியன். 'சிசர்' காட்டி ரெண்டு விரலையும் விரிக்க முடிஞ்சா அல்னார். கையடிபட்ட குழந்தையிடம் இதை விளையாட்டா செய்ய வைக்கலாம், அழாம செய்யும்.

ஆனா ஒரு எச்சரிக்கை. மணிக்கட்டுக்கிட்ட வெட்டுப்பட்டா ஆட்டம் ஏமாத்தும். விரலை மடக்குற தசை மேல முன்கையில இருக்கு, அதுக்குப் போற நரம்புக் கிளை வெட்டுக்கு மேலேயே பிரிஞ்சிடும். நரம்பு அறுந்திருந்தாலும் விரல் மடங்கும். அதனால உணர்ச்சியைக் கட்டாயம் பார்க்கணும். கண்ணை மூடச் சொல்லி மூணு இடத்துல பேனா நுனியால லேசாத் தொடுங்க: ஆட்காட்டி விரல் நுனி மீடியன், சுண்டுவிரல் நுனி அல்னார், புறங்கையில கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவுல ரேடியல். மறு கையையும் அதே இடத்துல தொட்டு "ரெண்டும் ஒண்ணு போல இருக்கா?"ன்னு கேளுங்க. "இருக்கு, ஆனா கொஞ்சம் மந்தமா இருக்கு"ன்னு பதில் வந்தா அதையும் 'இல்லை'ன்னே எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க.

சொல்லத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு ஒரு அழகான வழி இருக்கு. காயம் நல்லா ஆறின பிறகு வெதுவெதுப்பான தண்ணியில அரை மணி நேரம் கையை ஊற வைங்க. ரொம்ப நேரம் குளிச்சா விரல் நுனி சுருங்குமில்ல? அந்தச் சுருக்கத்தைக் கொடுக்கிறது தண்ணி இல்லை, நரம்பு. நரம்பு அறுந்த விரல் சுருங்காது, வழவழன்னு இருக்கும். வியர்க்கவும் வியர்க்காது.

சரி, தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? இங்கதான் கடிகாரம் வருது.

இரண்டாம் உலகப்போர்ல காயம்பட்ட கைகளை ஏகத்துக்கும் பார்த்த செடன்ங்கிற ஆங்கிலேய மருத்துவர் 1943ல நரம்புக் காயத்தை மூணு வகையாப் பிரிச்சார். இன்னைக்கும் நாங்க அதைத்தான் படிக்கிறோம். முதல் வகை, வயர் நசுங்கி கரண்ட் போகலை, வயர் உள்ளே நல்லாத்தான் இருக்கு. சில வாரங்கள்ல, அதிகபட்சம் மூணு மாசம் போல, தானா சரியாயிடும். ரெண்டாவது, உள்ளே இருக்கிற இழை அறுந்திருக்கு, மேல் உறை மட்டும் முழுசா இருக்கு. அறுந்த இடத்துக்குக் கீழே இருக்கிறது செத்து, மேல இருந்து புதுசா இழை வளர்ந்து இறங்கணும். மூணாவது, உறையும் சேர்ந்து துண்டா அறுந்தது. தைக்காம சரியாக வாய்ப்பில்லை. இதுல சிக்கல் என்னன்னா, முதல் நாள் பார்க்கிறவருக்கு மூணும் ஒரே மாதிரிதான் தெரியும். விரல் மரத்திருக்கும், அசையாது, அவ்வளவுதான். கத்தி, அரிவாள், கண்ணாடி பட்டு மரத்தா மூணாவது வகைன்னே வச்சுக்கிட்டுத் திறந்து பார்க்கணும். அடி, அழுத்தம், எலும்பு முறிவுன்னா தேதி குறிச்சு வச்சுக் கவனிக்கலாம்.

புது இழை வளர்ற வேகம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். மாசத்துக்கு ஒரு அங்குலம். மணிக்கட்டுல அறுந்ததைத் தைச்சா விரல் நுனிக்கு வர ஆறேழு மாசம். கழுத்துல அறுந்தா உள்ளங்கைக்கு வர ரெண்டு வருஷத்துக்கு மேல. அதுவரைக்கும் தசை காத்திருக்குமான்னா, காத்திருக்காது. உத்தரவு வராத தசை ஒன்றரை வருஷம் போல தாக்குப்பிடிக்கும், அப்புறம் நாராப் போயிடும். பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் அங்க வாங்கிக்க ஆள் இல்லை. இந்தக் கணக்கு புரிஞ்சா "பொறு, நாள் ஆக ஆக சரியாகும்"னு சொல்ற பெரியவங்க வாயை எப்படி அடைக்கிறதுன்னும் தெரிஞ்சிடும்.

"நரம்பு மாத்திரை" பத்தி ஒரு வார்த்தை. மெடிக்கல்ல கேட்டா சிவப்பு கலர்ல சத்து ஊசி, விட்டமின் மாத்திரை, பத்து நாளைக்குத் தருவாங்க. பி12 குறைஞ்சவங்களுக்கு அது மருந்து. அறுந்த வயரை ஒட்ட வைக்கிற விட்டமின் இன்னும் வரலை. அந்த டீ மாஸ்டர் மூணு மாசம் அதைத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கார்.

எல்லாமே பயமுறுத்துற கதை இல்லை. சித்திரைத் திருவிழாவுல அழகர் எதிர்சேவைக்கு எங்க ஏரியாவுல விடிய விடியக் கூட்டம் நிக்கும். அந்த ராத்திரி பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து, சேர் முதுகு மேல கையைத் தொங்கப் போட்டு அசந்து தூங்கிட்டார் ஒருத்தர். காலையில எழுந்தா மணிக்கட்டு தொங்குது. குடும்பமே பக்கவாதம்னு அலறிக்கிட்டு வந்தது. மேற்கை எலும்புல ரேடியல் நரம்பு மணிக்கணக்கா அழுந்தியிருக்கு, அவ்வளவுதான். வெளிநாட்டுப் புத்தகங்கள்ல இதுக்கு 'சனிக்கிழமை ராத்திரி வாதம்'னு பேர், குடிச்சுட்டு அசையாம தூங்குறவங்களுக்கு வர்றதால. மதுரைக்கு நான் 'எதிர்சேவை வாதம்'னு பேர் வச்சிருக்கேன். மணிக்கட்டைத் தூக்கி நிறுத்துற ஒரு பட்டை, தினமும் பயிற்சி. ஏழாவது வாரம் அவர் எனக்கு நல்லபடியா வணக்கம் போட்டார். ஆனா இதைப் படிச்சுட்டு நீங்களா 'அழுத்தம்தான்'னு முடிவு பண்ணி வீட்டுல இருக்காதீங்க. திடீர்னு கை விழுந்தா அது பக்கவாதமாவும் இருக்கலாம். அந்த முடிவை ஆஸ்பத்திரியில எடுக்கட்டும்.

அம்மாக்கள் விஷயத்துக்கு வர்றேன். ராத்திரி ரெண்டு மணிக்கு கை எரிஞ்சு, மரத்து, முழிப்பு வந்து, கையை உதறினா சரியாகுதா? சுண்டுவிரல் மட்டும் தப்பிச்சிருக்கா? வாயுவும் இல்லை, ரத்த ஓட்டக் குறைவும் இல்லை. மணிக்கட்டுல ஒரு சுரங்கப்பாதை சொன்னேனே, அதுக்குள்ள ஒன்பது தசைநாணும் மீடியன் நரம்பும் சேர்ந்து போகுது. சுகர், தைராய்டு, கர்ப்பம், வருஷக்கணக்கா ஒரே மாதிரி கைவேலை, இதுல ஏதாவது ஒண்ணால உள்ளே வீக்கம் வந்தா நசுங்குறது நரம்புதான். ஆரம்பத்துல ராத்திரிக்கு ஒரு மணிக்கட்டுப் பட்டை போதும், இல்லைன்னா ஒரு ஊசி. முத்தினா சின்ன ஆபரேஷன். கட்டைவிரல் மேடு வத்துற வரைக்கும் தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்காதீங்க.

இப்ப பைக். பாலமேட்டுல மாடு தூக்கி வீசினாலும் சரி, ரிங் ரோட்டுல வண்டி சறுக்கினாலும் சரி, தோள்பட்டை தரையில மோதி தலை மறுபக்கம் வெட்டி இழுபட்டா, நடுவுல இருக்கிற அந்த கோரிப்பாளையம் சந்திப்பு மொத்தமும் இழுபடுது. சில வேர்கள் தண்டுவடத்துல இருந்தே பிடுங்கிக்கிட்டு வந்துடும். கை தோள்ல இருந்து துணி மாதிரி தொங்கும். வர்றது பெரும்பாலும் இருபது, இருபத்தஞ்சு வயசுப் பையன்கள். தலையில அடி, தொடை எலும்பு முறிவுன்னு உயிர் பிழைக்கிற போராட்டத்துல, தொங்குற கையை 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு எல்லாரும் தள்ளி வைக்கிறோம்.

'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர்ல வந்தது. விபத்துல சிக்கினவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏத்துக்குது. அதனால பிழைச்ச உயிர்களை நான் கண்ணால பார்க்கிறேன், அதுல எனக்குப் பெருமை உண்டு. ஆனா 48 மணி நேரம் தாண்டி, 48வது நாள் அந்தப் பையன் கை என்ன ஆச்சுன்னு கேட்க ஆள் இல்லை. இந்தக் காயத்துக்கு ஆபரேஷன் பண்ணணும்னா முதல் மூணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள பண்ணினாத்தான் நல்ல பலன். எலும்பு கூடி, தலைக்காயம் ஆறி, மாலை போட்டு, பழனிக்கு நடந்து, 'இன்னும் கை வரலையே'ன்னு வர்றப்ப ஒரு வருஷம் ஓடியிருக்கும்.

நேரத்துல வந்தா நடக்கிறதைக் கேட்டா நம்ப மாட்டீங்க. வேர் பிடுங்கிப்போன நரம்பை ஒட்ட முடியாது. அதனால பக்கத்து வீட்டு லைன்ல கொக்கி போடுற மாதிரி, நல்லா இருக்கிற வேற நரம்புல இருந்து ஒரு கிளையை எடுத்து, முழங்கையை மடக்குற தசைக்குப் போற நரம்போட இணைக்கிறாங்க. விலா எலும்புக்கு நடுவுல மூச்சுக்கு உதவுற நரம்பை எடுத்து அப்படி இணைச்சா, ஆரம்பத்துல அந்தப் பையன் மூச்சை இழுத்தா கை மடங்கும். மாசக்கணக்கா பழகப் பழக மூளை கத்துக்கிட்டு, மூச்சு இல்லாமலே மடக்கும். அல்னார் நரம்பு நல்லா இருந்தா அதுல ஒரே ஒரு இழையை மட்டும் கடன் வாங்குற முறையை 1994ல பிரான்ஸ்ல ஓபர்லின்ங்கிறவர் எழுதினார். நம்ம ஊர்லயும் அது நடக்குது. சென்னை ஸ்டான்லியில கைக்குன்னே தனித் துறை பல பத்தாண்டுகளா இருக்கு. மின்சாரத்துல ரெண்டு கையும் போன ஒரு கட்டிடத் தொழிலாளிக்கு 2018ல வேற ஒருத்தரோட கைகளைப் பொருத்தினதும் அந்த அரசு ஆஸ்பத்திரிதான். அங்கயும் அதே கணக்குதான்: எலும்பையும் ரத்தக்குழாயையும் ஒரே நாள்ல சேர்த்துடலாம், உணர்ச்சி மட்டும் அவரோட சொந்த நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டரா ஊர்ந்து வந்துதான் சேரணும்.

வலி தெரியாத கை என்ன ஆகும்னு உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த இடமும் தமிழ்நாடுதான். பால் பிராண்ட், 1914ல கொல்லிமலையில பிறந்தவர், மிஷனரி குடும்பம். லண்டன்ல டாக்டராகி 1946ல வேலூர் சிஎம்சிக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையை டாக்டர் காக்ரேன் அவருக்குச் சுத்திக் காட்டினார். எங்க பார்த்தாலும் மடங்கிப்போன கைகள், விரல் இல்லாத கைகள். அந்தக் காலத்து டாக்டர்களோட நம்பிக்கை என்னன்னா, தொழுநோய்ல சதை அழுகி விரல் விழுந்துடும், அந்தச் சதையில கத்தி வச்சா ஆறாது. பிராண்ட் ஒரு நோயாளியோட வளைஞ்ச கையைப் பிடிச்சுப் பார்த்தார். அந்தப் பிடி அவர் கையை நசுக்கிடுச்சு. செத்துப்போன கைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

மேல சொன்னதை ஞாபகப்படுத்திக்கோங்க. மடக்குற தசை முன்கையில இருக்கு. தொழுநோய்க் கிருமிக்கு உடம்போட குளிர்ந்த இடங்கள்தான் பிடிக்கும், அதனால நரம்பு தோலுக்குப் பக்கத்துல வர்ற இடத்துல, முழங்கைகிட்ட அல்னார்லயும் மணிக்கட்டுகிட்ட மீடியன்லயும் போய் உட்காரும். முன்கையில இருக்கிற பெரிய தசைகள் பலதும் தப்பிச்சுக்கும், உள்ளங்கையில இருக்கிற சின்னத் தசைகள் மாட்டிக்கும். தப்பிச்ச தசைநாண்ல ஒண்ணை எடுத்து வேலை இழந்த தசையோட இடத்துல மாத்திக் கட்டினா? 1948ல வேலூர்ல ஆரம்பிச்சாங்க. புண் ஆறுச்சு. மடங்கின விரல் நிமிர்ந்தது.

ஆனா சரி பண்ணி அனுப்பின கையிலயும் விரல் குறைஞ்சுக்கிட்டே வந்தது. துப்பறியும் வேலை மாதிரி ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினாங்க. சுடுபாத்திரத்தை வெறுங்கையால தூக்கினது. துருப்பிடிச்ச பூட்டுல சாவியை எலும்பு தெரியுற வரைக்கும் திருகினது. ராத்திரி தூங்குறப்ப எலி கடிச்சது. வலிக்காததால யாரும் முழிக்கலை. விரல் அழுகி விழலை, பாதுகாக்க ஆள் இல்லாமத் தேஞ்சது. எலிக்குப் பூனை வளர்த்தாங்க. கருவிக்கெல்லாம் கனமான மரக்கைப்பிடி போட்டாங்க. கை நிமிர்ந்தவங்க 'இப்ப யாரும் பிச்சை போடலை'ன்னு திரும்பி வந்தப்ப தச்சு வேலை கத்துக் கொடுத்தாங்க. விபத்துல இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில உட்கார்ந்தபடியே இந்தக் கை ஆபரேஷன்களைச் செஞ்சதும் அங்கதான்.

பழைய கதைன்னு தள்ளிடாதீங்க. தொழுநோயைப் பொது சுகாதாரப் பிரச்சினைங்கிற நிலையில இருந்து ஒழிச்சுட்டோம்னு 2005 டிசம்பர்ல இந்தியா அறிவிச்சது. பத்தாயிரம் பேருக்கு ஒருத்தருக்கும் கீழேங்கிறது அதோட அர்த்தம், நோயே இல்லைன்னு அர்த்தம் இல்லை. இன்னமும் நாட்டுல வருஷத்துக்கு ஒரு லட்சம் பேரைச் சுத்திப் புதுசாக் கண்டுபிடிக்கிறாங்க. தேமல்னு நினைக்கிற வெளிறின படையில உணர்ச்சி இல்லைன்னா, சுண்டுவிரல் காரணமில்லாம மரத்துப்போனா, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. மாத்திரை இலவசம், ஆறு மாசம் இல்லை ஒரு வருஷம், முழுசா குணமாகும். நரம்பு பாதிச்சு ஆறு மாசத்துக்குள்ள வந்தா ஸ்டீராய்டு கொடுத்து மீட்கவும் நிறைய வாய்ப்பு இருக்கு. மறுபடியும் அதே ஆறு மாசம், பாருங்க.

வலி இல்லைங்கிறதை நல்ல சேதியா எடுத்துக்காதீங்கன்னு இவ்வளவு நேரம் சொன்னேன். ஒரே ஒரு இடத்துல கதை தலைகீழ். கொய்யா மரத்துல இருந்து விழுந்து முழங்கைக்கு மேல எலும்பு முறிஞ்ச குழந்தைக்கு மூங்கில் பத்தை வச்சு இறுக்கமா கட்டுப் போட்டு வருவாங்க. கட்டுப் போட்ட பிறகு வலி குறையணும். கூடிக்கிட்டே போனா, விரலை லேசா நீட்டிவிட்டாலே குழந்தை அலறினா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க, கட்டை உடனே அவிழ்த்துட்டு ஓடி வாங்க. ரத்த ஓட்டம் தடைபட்டா ஆறு மணி நேரம் போல ஆகும்போதே முன்கைத் தசை சாக ஆரம்பிச்சிடும். அப்புறம் அந்தக் கை வாழ்நாளுக்கும் சுருங்கி மடங்கியே நிக்கும். நாட்டுக் கட்டை மட்டும் திட்டுறேன்னு வராதீங்க, இறுக்கமா போட்ட மாவுக்கட்டும் இதையே செய்யும்.

சக டாக்டர்கள் என்ன சொல்வாங்கன்னு தெரியும். ராத்திரி ரெண்டு மணி, ஒத்தை டூட்டி டாக்டர், வெளியே பதினஞ்சு பேர், அதுல ஒருத்தர் போதையில சட்டையைப் பிடிக்கிறார், இதுல பேனா வச்சு விரல் விரலா தொட்டுக்கிட்டு இருக்கவா? இருக்கணும்ங்கிறது என் கருத்து. அரை நிமிஷ வேலை. நரம்பை நாமே தைக்கணும்னு யாரும் கேட்கலை. கழுவி, தோலை மூடி, 'மீடியன் பகுதியில் உணர்ச்சி இல்லை'ன்னு ஒரு வரி எழுதி அனுப்பினா, அடுத்த சில நாள்ல நிபுணர் தைச்சுடுவார். அந்த ஒரு வரி இல்லாததாலதான் நாலு மாசம் போகுது. கைக்காயச் சீட்டுல ரேடியல், மீடியன், அல்னார்னு மூணு கட்டம் அச்சடிச்சு வச்சா டிக் போடாம யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. அச்சுக் கூலி எவ்வளவு ஆயிடும்? விபத்துல கை தொங்கிப்போனவங்க பட்டியலை எடுத்து மூணாவது வாரமும் மூணாவது மாசமும் போன் பண்றதும் முடியாத காரியம் இல்லை. மூணாவது வாரம் ஏன்னா, நரம்பு மின்சோதனையை அதுக்கு முன்னாடி எடுத்தா ஏமாந்துடுவோம், அறுந்த நரம்போட கீழ்முனைகூட முதல் சில நாள் கரண்டுக்குப் பதில் சொல்லும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் போறாங்க. அவங்க கையில இந்தப் பட்டியலைக் கொடுத்தா போதும்.

அரசாங்கம் செய்யுறப்ப செய்யட்டும். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, அதுவும் சரியான நேரத்துல. காயத்தைத் தைக்கிறதுக்கு முன்னாடி மரத்துப்போற ஊசி போடுவாங்க. அந்த ஊசி போட்டுட்டா நல்ல விரலும் மரத்துடும், அப்புறம் சோதிச்சு பிரயோஜனம் இல்லை. அதனால ஊசி எடுக்கும்போதே கேளுங்க: "டாக்டர், மரப்பு ஊசிக்கு முன்னாடி விரல்ல உணர்ச்சி இருக்கான்னு பார்த்துடுறீங்களா?" எங்கள்ல சிலருக்குக் கோபம் வரும். வந்தாலும் பார்த்துடுவோம்.

இன்பாக்ஸ்ல தழும்பு போட்டோ அனுப்பி "இது நரம்பா சார்?"னு கேட்காதீங்க, போட்டோவுல உணர்ச்சி தெரியாது. பழைய காயம், மரத்த விரல்னு யாராவது இருந்தா எத்தனை மாசம் ஆச்சுன்னு எண்ணிப் பார்த்துட்டு, நாளைக்கே காலையில ஓபிக்குக் கூட்டிட்டுப் போங்க. பழைய சீட்டு இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க.